கணக்கியலும் தகவல் அமைப்பும் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர் பணி: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.காம். ஐ.எஸ்.எம். (இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மேனேஜ்மெண்ட்), பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், பி.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் என்று வணிகவியலையும் கணினியையும் சேர்த்துப் படிக்கும் வகுப்புகள் சென்னைக் கல்லூரிகளில் பரவலாக உள்ளன. இவற்றுக்கு ஆசிரியராக வர விரும்புவோரும் அண்மையில் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே. தகுதி பற்றிய விவரம் பல இடங்களில் கிடைக்கும். வகுப்பிலும் லேபிலும் என்ன செய்வது என்பதைச் சொல்பவர் குறைவு. அதனால் அந்தப் பகுதி இங்கே நீளமாக இருக்கும்.

எம்.காம்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. இவற்றில் எதைப் படித்தவர் இந்தப் பாடங்களை நடத்தலாம்?

மூவரும் நடத்துகிறார்கள். ஆனால் மூவரும் ஒரே வாசல் வழியாக உள்ளே வருவதில்லை. வணிகவியல் துறைப் பணியிடத்துக்கு எம்.காம்., மேலாண்மைத் துறைக்கு எம்.பி.ஏ., கணினித் துறைக்கு எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்சி. கணினி அறிவியல். பி.காம். ஐ.எஸ்.எம். பொதுவாக வணிகவியல் துறையின் கீழ் இருப்பதால், நிதிக் கணக்கியல், செலவுக் கணக்கியல், தணிக்கை ஆகிய தாள்கள் எம்.காம். படித்தவருக்குப் போகும். தரவுத்தளம், நிரலாக்கம் போன்ற தாள்களைப் பெரும்பாலும் கணினித் துறையிலிருந்து வருபவர் எடுப்பார். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் தாள்களை, அதாவது கணினிமயக் கணக்கியல், மேலாண்மைத் தகவல் அமைப்பு, ஈ.ஆர்.பி. (நிறுவனத்தின் எல்லாத் துறைகளையும் இணைக்கும் மென்பொருள்), தகவல் அமைப்புத் தணிக்கை ஆகியவற்றை, விருப்பத்தோடு எடுப்பவர் குறைவு. அந்த இடத்துக்கு ஆயத்தமாக வருபவரைத் துறைத்தலைவர்கள் கைவிட மாட்டார்கள்.

முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 போதும். எம்.பி.ஏ. நடத்தும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகார நிறுவனங்களில் விதி வேறு. அங்கே எம்.பி.ஏ., எம்.காம்., சி.ஏ. போன்ற தகுதியோடு முதல் வகுப்பும், அதன் பிறகு 2 ஆண்டு தொழில் அனுபவமும் கேட்பார்கள்.

எம்.காம். முடித்தவர் ‘கூடுதல் பலம்’ என்று எம்.சி.ஏ.வும் சேர்த்துப் படிப்பதுண்டு. பாடம் நடத்த அது உதவும். ஆனால் பணியிடத்துக்கான தகுதி ஒரு பாடத்தில்தான் கணக்கிடப்படும். வணிகவியல் துறையே இலக்கு என்றால் இன்னொரு பட்டத்துக்குச் செலவிடும் காலத்தைத் தேசியத் தகுதித் தேர்வான நெட்டுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கொடுப்பது மேல். எஸ்.கியூ.எல். (தரவுத்தள மொழி), எக்செல், டேலி (கணக்கு மென்பொருள்) ஆகியவற்றைப் பட்டம் இல்லாமலே கற்றுக்கொள்ளலாம்.

நெட் தேர்வை எந்தப் பாடத்தில் எழுதுவது?

முதுகலை எதில் செய்தீர்களோ அதில். வணிகவியலுக்கு எண் 08, மேலாண்மைக்கு 17, கணினி அறிவியல் மற்றும் பயன்பாடுகளுக்கு 87. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, ஆகவே எதையும் விடாமல் குறியுங்கள்.

வணிகவியல் பாடத்திட்டத்தின் 10 அலகுகளில் கணக்கியலும் தணிக்கையும் சேர்ந்து ஒரே அலகுதான். சிஸ்டம்ஸ் ஆடிட் அதற்குள் ஒரு சொல்லாக வருகிறது. தகவல் அமைப்பு கொஞ்சம் விரிவாக வருவது மேலாண்மைப் பாடத்தில். கணக்கியலில் கெட்டிக்காரர் பலர் நெட்டில் தவறுவதற்குக் காரணம் இதுதான்: தெரிந்ததையே மேலும் மேலும் படிக்கிறார்கள். வணிகச் சட்டம், பன்னாட்டு வணிகம், புள்ளியியல், சந்தையியல் ஆகியவற்றில்தான் மதிப்பெண் போகிறது. முதல் தாளையும் அலட்சியம் செய்யக் கூடாது. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு அது.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.க்கு 30 வயது, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000. மாநிலத் தகுதித் தேர்வான செட் தமிழ்நாட்டுக்குள் செல்லும், வேறு மாநிலத்தில் செல்லாது.

முனைவர் பட்டம் இல்லாமல் சேர முடியுமா?

முடியும். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் இருந்தது. 2023 ஜூனில் அதைத் திருத்தி நெட், செட் ஆகியவையே குறைந்தபட்சத் தகுதி என்று ஆக்கினார்கள். ஆனாலும் நேர்காணலில் உட்காரும் நால்வரில் மூவரிடம் முனைவர் பட்டம் இருந்தால் நான்காமவர் நிலை என்ன என்பதை நினைத்துப் பாருங்கள்.

சி.ஏ. முடித்தவர் கல்லூரி ஆசிரியர் ஆகலாமா?

ஆகலாம். சி.ஏ., சி.எஸ்., சி.எம்.ஏ. (பழைய ஐ.சி.டபிள்யூ.ஏ.) ஆகியவற்றை முதுகலைக்கு இணையாக யு.ஜி.சி. 2021-இல் ஏற்றது. நெட்டும் எழுதலாம். விண்ணப்பத்தோடு அதைச் சொல்லும் யு.ஜி.சி. கடிதத்தின் நகலையும் வையுங்கள், ஏனென்றால் அலுவலகத்தில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். தொழில் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகக் கற்பிக்கும் சி.ஏ.க்கள் தங்கள் தொழில் அமைப்பான இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் அனுமதி விதிகளைப் பார்க்க வேண்டும். நேரடிக் கற்பித்தல் வாரத்துக்குச் சராசரி 25 மணியைத் தாண்டினால் முழுநேரத் தொழில் செய்பவராகக் கருதப்படுவதில் சிக்கல் வரும்.

சென்னையில் எங்கெல்லாம் வாய்ப்பு இருக்கிறது?

மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, நந்தனம் கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத்தான் போக முடியும். அறிவிப்பு எப்போது வரும், எப்போது முடியும் என்று கணக்குப் போட்டு வாழ்க்கையை நிறுத்திவைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு வந்த அறிவிப்பு பலமுறை தள்ளிப்போனது. தமிழ்வழியில் படித்தவர்கள் 20 விழுக்காடு முன்னுரிமைக்கான சான்றிதழைப் படித்த இடங்களிலிருந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விண்ணப்பக் கெடு முடியும் வாரத்தில் அலைந்து கிடைக்காமல் போனவர்கள் நிறைய.

லயோலா, எத்திராஜ், விவேகானந்தா, துவாரகதாஸ் கோவர்த்தன்தாஸ் வைஷ்ணவ், தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி போன்றவை அரசு உதவிபெறும் (எய்டட்) கல்லூரிகள். இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை. ஆனால் எய்டட் பிரிவில் சம்பளம் அரசு தருவது, செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) பிரிவில் நிர்வாகம் தருவது. பல கல்லூரிகளில் இதுவே காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்றும் பிரிகிறது. கணினி கலந்த பி.காம். வகுப்புகளில் பெரும்பாலானவை பின்னால் தொடங்கப்பட்டவை என்பதால் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில்தான் இருக்கின்றன. நீங்கள் எடுக்க விரும்பும் பாடம் இருக்கும் இடத்தில் அரசுச் சம்பளம் இல்லை என்பது கசப்பான உண்மை.

இவை தவிர, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறைகள், அண்ணா பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தனி மேலாண்மைப் பள்ளிகள் உண்டு.

சம்பளம் எவ்வளவு?

அரசு, எய்டட் பணியிடங்களில் உதவிப் பேராசிரியருக்கு ஊதிய நிலை 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700. இதன் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. ஆண்டு உயர்வு ஏறத்தாழ 3 விழுக்காடு, அதாவது அடுத்த படி 59,400. கௌரவ விரிவுரையாளருக்கு யு.ஜி.சி. 2019-இல் சொன்ன தொகை ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் அதிகபட்சம் ரூ.50,000. நடைமுறையில் பல இடங்களில் இதைவிடக் குறைவாகவே தருகிறார்கள்.

செல்ஃப் ஃபைனான்ஸில் ஒரே தொகைச் சம்பளம். கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேருமுன் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: ஆண்டுக்கு 12 மாதமும் சம்பளம் உண்டா, இல்லை மே மாதம் கிடையாதா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, நியமன ஆணையில் பதவிப் பெயர் ‘உதவிப் பேராசிரியர்’ என்று இருக்கிறதா, சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா, உங்கள் நியமனத்துக்குப் பல்கலைக்கழகத் தகுதி ஒப்புதல் வாங்குவார்களா. கடைசிக் கேள்வி முக்கியம். ஒப்புதலும் முறையான சம்பளப் பதிவும் இல்லாத ஆண்டுகளைப் பின்னால் பணி அனுபவமாகக் காட்டுவது பெரும் பாடு. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

மாதிரி வகுப்புக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

பொதுவாக 10 முதல் 20 நிமிடம். ‘தகவல் அமைப்பின் வகைகள்’ என்று எடுத்துப் படம் போட்டு விளக்குபவர்களைக் குழு நாள் முழுக்கக் கேட்டுச் சலித்திருக்கும். ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் ஒரு கடை, ரூ.10,000 பெறுமான கீபோர்டு, மவுஸ் விற்கிறது. 18 விழுக்காடு வரி. வாங்குபவர் சென்னையில் இருந்தால் மத்திய வரி 900, மாநில வரி 900. பெங்களூருவில் இருந்தால் ஒருங்கிணைந்த வரி 1,800. இந்த ஒரு பில் சரக்கிருப்பையும், விற்பனைக் கணக்கையும், வாங்கியவர் கணக்கையும், வரிக் கணக்கையும், ஜி.எஸ்.டி. படிவத்தையும் எப்படித் தொடுகிறது என்று கரும்பலகையில் காட்டினால் 15 நிமிடத்தில் கணக்கியலும் அமைப்பும் இரண்டும் வந்துவிடும். ஒரு தடவை மட்டும் உள்ளிட்ட தகவல் ஐந்து இடத்தில் பயன்படுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

தமிழ்வழியில் படித்த மாணவர்கள் பற்று, வரவில் தடுமாறுகிறார்கள். ஏன்?

அவர்கள் மந்தமானவர்கள் என்பதால் அல்ல, தமிழ் நன்றாகத் தெரிவதால். வீட்டில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். வரவு செலவு, வரவுக்கு மேல் செலவு என்று கேட்டு வளர்ந்தவர்கள். கணக்குப்பதிவியல் பாடநூலிலோ டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு. ரொக்கம் கைக்கு வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும். வந்ததை எப்படி வரவில் எழுதாமல் இருப்பது என்று பிள்ளைகள் கேட்பது முழுக்க நியாயமான கேள்வி.

முதல் வாரத்திலேயே இந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். பற்று, வரவு இரண்டும் இங்கே இடது பத்தி, வலது பத்தி என்பதற்கான பெயர்கள் என்று சொல்லி, சொத்தும் செலவும் கூடினால் இடம், கடனும் முதலும் வருமானமும் கூடினால் வலம் என்று பழக்குங்கள். பிறகு வங்கிக் கடவுப்புத்தகத்தைக் காட்டுங்கள். நாம் பணம் போட்டதும் வங்கி ஏன் வரவு என்று எழுதுகிறது? அது வங்கியின் ஏடு, அதில் நம் பணம் வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். இந்த ஒரு மணி நேரத்தைச் செலவிட்டால் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் எடுக்கும்போது மூன்று மணி நேரம் மிச்சமாகும்.

இதே வகுப்பில் பள்ளியில் கணக்குப்பதிவியல் எடுக்காமல் அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். கணினியைத் தொட்டிராதவர்களும் இருப்பார்கள். ஒரு கணக்குத் தெரிந்தவரும் ஒரு கணினி தெரிந்தவரும் சேர்ந்து உட்காரும்படி லேபில் இடம் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை யார் கீபோர்டில் கை வைப்பது என்பதை மாற்றுங்கள், இல்லையென்றால் ஆண்டு முழுவதும் ஒருவரே தட்டுவார்.

டேலி லேபில் அடிக்கடி வரும் சிக்கல்கள் என்ன?

முதலாவது, தேதி. உரிமம் இல்லாத கல்விப் பயன்முறையில் டேலிபிரைம் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு ஏற்கும். புத்தகத்தில் உள்ள ‘ஏப்ரல் 14 அன்று சரக்கு வாங்கியது’ என்ற பயிற்சியைக் கொடுத்துவிட்டு, அது ஏறவில்லை என்று 60 பேரும் கை தூக்கினால் அந்த மணி நேரம் போயிற்று. உங்கள் லேபில் உரிமம் உண்டா என்று முதல் நாளே பார்த்துவிட்டு, இல்லையென்றால் பயிற்சியின் எல்லாத் தேதிகளையும் 1, 2 என்று மாற்றி எழுதி வையுங்கள். கடனாளிகளின் நிலுவைக் காலப் பகுப்பாய்வுக்கு வெவ்வேறு தேதி தேவை. அதற்கு ஏப்ரல் 1, மே 2, ஜூலை 1 என்று மாதங்களைப் பரப்பினால் வேலை நடக்கும்.

இரண்டாவது, பிரிவு. மாணவர் ‘கம்ப்யூட்டர்’ என்று ஒரு கணக்கைத் தொடங்கி அதை நிலையான சொத்தின் கீழ் வைக்காமல் மறைமுகச் செலவின் கீழ் வைத்துவிடுவார். இருப்பாய்வு அழகாகச் சமன்படும். லாபம் தவறு, இருப்புநிலைக் குறிப்பும் தவறு. இந்தத் தவறை மென்பொருள் கண்டுபிடிக்காது. கையால் எழுதும் காலத்தில் இருப்பாய்வு சமன்படவில்லை என்பதே பெரிய எச்சரிக்கை மணி. கணினியில் சமன்படாத பதிவை அது ஏற்கவே ஏற்காது என்பதால் அந்த மணி அடிப்பதே இல்லை. எனவே ‘டேலி ஆகிவிட்டது சார்’ என்று சொல்லும் மாணவரிடம் லாபத்தையும் சொத்துப் பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கோப்பு. பல லேப்களில் கணினியை மறுபடி தொடங்கினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி வைத்திருப்பார்கள். மூன்று வாரம் உள்ளிட்ட கணக்கு ஒரே மின்வெட்டில் காணாமல் போகும். ஒவ்வொரு வகுப்பின் கடைசி 5 நிமிடம் பேக்கப் எடுப்பதற்கு மட்டும். வீட்டில் புதிய பதிப்பில் திறந்த கணக்கை லேபின் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பயிற்சி அளவு: ஒரே கடை, மூன்று மாதம், ஏறத்தாழ 40 பதிவு. தொடக்க இருப்பு, கொள்முதல், விற்பனை, கொள்முதல் திருப்பம், வாடகை, சம்பளம், வங்கியில் செலுத்தியது, காசோலை திரும்பியது, தேய்மானம் எல்லாம் அதற்குள் வரட்டும். பத்துக் கடைக்குப் பத்துப் பத்துப் பதிவு போடுவதைவிட ஒரு கடையை முடிவுவரை கொண்டுபோவது பல மடங்கு கற்றுத்தரும்.

டேலி தெரிந்தால் போதாதா? தரவுத்தளம் எதற்கு?

டேலி மாறும். பொத்தான்கள் இடம் மாறும். மாறாதது உள்ளே இருக்கும் அமைப்பு. இரட்டைப் பதிவு முறையை லூக்கா பசியோலி 1494-இல் அச்சில் விளக்கினார். தரவுகளை அட்டவணை உறவுகளாக வைக்கும் முறையை எட்கர் காட் 1970-இல் முன்வைத்தார். பற்று வரவை மட்டும் பார்க்காமல் வளம், நிகழ்வு, அதில் ஈடுபடுவோர் என்று தரவை அமைக்கலாம் என வில்லியம் மெக்கார்த்தி 1982-இல் எழுதினார். இந்த மூன்றும் எங்கே சந்திக்கின்றன என்று காட்டுவதுதான் இந்த வகுப்பின் வேலை.

செய்முறை எளிது. இரண்டு அட்டவணை போதும். முதலாவதில் பதிவு எண், தேதி, விளக்கம். இரண்டாவதில் பதிவு எண், கணக்கின் பெயர், பற்றுத் தொகை, வரவுத் தொகை. ஒரு பதிவுக்குப் பல வரிகள் வரலாம் என்பதால்தான் இரண்டாகப் பிரிக்கிறோம். பிறகு கணக்குவாரியாகக் கூட்டினால் பேரேடு, எல்லாக் கணக்குகளின் நிலுவையையும் பட்டியலிட்டால் இருப்பாய்வு. பேரேடு என்பது தனியே எழுதிவைக்கும் ஏடு அல்ல, குறிப்பேட்டிடம் கேட்கும் ஒரு கேள்வி என்று மாணவருக்கு அப்போது விளங்கும். அந்த நேரத்து முகங்களுக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

இங்கே தவறுவது இரண்டு இடத்தில். தொகைக்கு மிதவைப்புள்ளி எண் வகையைப் பயன்படுத்தினால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போது சரியாக 0.3 வராது. கணினி இரும எண்ணில் அவற்றைத் தோராயமாகத்தான் வைத்திருக்கிறது. ஆயிரம் வரி கூட்டியதும் பைசா இடிக்கும். டெசிமல் வகை எடுங்கள், எஸ்.கியூ.லைட் தரவுத்தளம் என்றால் எல்லாத் தொகையையும் பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள். இரண்டாவது, ‘பற்றுக் கூட்டலும் வரவுக் கூட்டலும் சமம்’ என்ற விதியை ஒரு வரியின் மேல் போடும் கட்டுப்பாட்டால் காக்க முடியாது, அது பல வரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய விதி. முழுப் பதிவையும் ஒரே பரிவர்த்தனையாக ஏற்றி, சமம் இல்லையென்றால் மொத்தமாகத் திருப்பி அனுப்பும்படி எழுத வேண்டும்.

எக்செல்லில் மட்டும் நடத்தினால் என்ன குறை?

குறை ஒன்றுமில்லை, அதன் பள்ளங்களையும் சேர்த்து நடத்தினால். எண் போலத் தோன்றும் எழுத்தைக் கூட்டல் சூத்திரம் சத்தமில்லாமல் விட்டுவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள கணக்கு எண்களின் கடைசி இலக்கங்கள் சுழியாகிவிடும். சரக்கு வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண்ணின் முன்னால் உள்ள சுழி மறையும். 03/04 என்பது ஏப்ரலா மார்ச்சா என்பது கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. வேண்டுமென்றே இந்த நான்கு பிழையும் உள்ள ஒரு கோப்பைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தரவைச் சரிபார்க்கப் பழக்க ஜி.எஸ்.டி. எண் அருமையான எடுத்துக்காட்டு. மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். 14-ஆவது வழக்கமாக ‘இசட்’. கடைசி ஒன்று சரிபார்ப்பு எழுத்து. ஒவ்வொன்றையும் சோதிக்கும் சூத்திரத்தை மாணவரே எழுதட்டும்.

பழைய கைமுறை நுணுக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540-ஐ 450 என்று எழுதியது போல. வித்தியாசத்தில் பாதி அளவுள்ள தொகை ஏட்டில் இருந்தால் அது பக்கம் மாறி விழுந்திருக்கலாம்.

அகக் கட்டுப்பாடு, தணிக்கைத் தடம் ஆகியவற்றை மாணவர் தூங்காமல் எப்படி நடத்துவது?

நடந்தவற்றைக் கொண்டு. 2018-இல் வெளியான பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில், வெளிநாட்டுக் கடனுக்கான உறுதிக் கடிதங்கள் ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கு இடையிலான செய்தி வலையமைப்பு) வழியாகச் சென்றன, வங்கியின் மையக் கணக்கு அமைப்பில் அவை பதிவாகவில்லை. இரண்டு அமைப்பும் இணைக்கப்படாதிருந்ததே ஓட்டை. வரைபடம் போடச் சொல்லி எந்த இடத்தில் எந்தக் கட்டுப்பாடு இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று கேளுங்கள். 2009 ஜனவரியில் வெளிவந்த சத்யம் மோசடியில் போலி இன்வாய்ஸ்கள் நிறுவனத்தின் சொந்த மென்பொருளுக்குள்ளேயே புகுந்தன. யாருக்கு என்ன உரிமை என்ற பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும், அந்தத் தடத்தை நிறுத்த முடியாததாகவும் இருக்க வேண்டும் என்பது கம்பெனிகள் (கணக்குகள்) விதிகளின் 3-ஆம் விதி. டேலிபிரைமின் எடிட் லாக் பதிப்பில் இதை நேரில் காட்டலாம். ஒரு மாணவர் பதிவைத் திருத்தட்டும், அடுத்தவர் என்ன மாறியது என்று கண்டுபிடிக்கட்டும். இரண்டு வகுப்பில் முடியும், ஆண்டுக்கும் மறக்காது.

காப்பியடிப்பதை எப்படித் தடுப்பது?

ஒவ்வொருவருக்கும் தொகையை மாற்றுங்கள். தொடக்க ரொக்கம் = 50,000 + (வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கம் × 10). வரிசை எண் 217 என்றால் 52,170. கோப்பை வாங்கியதும் ஒரே பார்வையில் யாருடையது என்று தெரியும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய அறிக்கைக்கு மருந்து, 3 நிமிட வாய்மொழித் தேர்வு. அவர் கோப்பிலேயே ஒரு பதிவைக் காட்டி, ஏன் இந்தக் கணக்கு, இதை நீக்கினால் எது மாறும் என்று கேட்டால் போதும்.

வேலைப்பளு எப்படி?

யு.ஜி.சி. கணக்கில் வாரம் 40 மணி நேரம், அதில் உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16 மணி. செல்ஃப் ஃபைனான்ஸில் இதற்கு மேலும் போகும். லேப் நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். 60 பேரை 30 கணினியில் இரண்டு அணியாகப் பிரித்தால் ஒரே பாடத்தை இரண்டு தடவை எடுக்கிறீர்கள். அதோடு விடைத்தாள் திருத்தம், கண்காணிப்பு, சேர்க்கைப் பணி, நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு அமைப்பு) ஆவணங்கள். கணினி தெரிந்தவர் என்றால் கல்லூரி இணையதளம், தேர்வுப் பிரிவு, ஆன்லைன் வருகைப்பதிவு எல்லாம் உங்கள் தலையில் விழும். முதல் ஆண்டில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள், மூன்றையும் ஏற்றால் ஆராய்ச்சி நின்றுவிடும்.

முனைவர் பட்டத்துக்கு நல்ல தலைப்பு கிடைப்பது எப்படி?

2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, வழக்கமான உச்சவரம்பு 6 ஆண்டு. பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட். பணியில் இருப்பவர் கல்லூரியின் தடையில்லாச் சான்றோடு பகுதிநேரமாகச் செய்யலாம். எம்.ஃபில். பட்டம் அந்த விதிகளோடு முடிந்தது.

‘சென்னை நகரில் டேலி பயன்பாடு பற்றிய மனநிறைவு’ என்று 150 பேரிடம் படிவம் நிரப்பும் ஆய்வுகள் போதும் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டன. தரவு கையில் கிடைக்கும் தலைப்பைத் தேடுங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் 2023-24 ஆண்டறிக்கைகளில் தணிக்கைத் தடம் பற்றித் தணிக்கையாளர் கட்டாயம் கருத்துச் சொல்லியிருக்கிறார். பங்குச் சந்தை இணையதளங்களில் அவை இலவசம். எந்தத் துறை நிறுவனங்களில் தடம் முழுமையாக இல்லை, தரவுத்தள மட்டத்தில் ஏன் விடுபடுகிறது என்று பார்த்தாலே ஒரு நல்ல ஆய்வு. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் காலியிடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். உதவிப் பேராசிரியர் 4 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், பேராசிரியர் 8 பேர் வரைதான் வைத்திருக்கலாம்.

ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் யு.ஜி.சி.யின் கேர் இதழ்ப் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்களிடம் இதனால் இன்னும் கவனம் வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களைத் தேடிப் பாருங்கள், பழைய இதழ்களில் நான்கு கட்டுரை படித்துப் பாருங்கள்.

பதவி உயர்வு எப்போது?

நிலை 10-இலிருந்து 11-க்கு முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் 5, இரண்டும் இல்லையென்றால் 6. அதன் தொடக்கச் சம்பளம் ரூ.68,900. பிறகு 5 ஆண்டில் நிலை 12, அடுத்து 3 ஆண்டில் இணைப் பேராசிரியர், இதற்கு முனைவர் பட்டம் கட்டாயம். பயிற்சி வகுப்புகளை அந்தந்தக் காலத்துக்குள் முடிக்க வேண்டும். வயதும் பணியும் சரியாக இருந்தும் ஒரு புத்தொளிப் பயிற்சி பாக்கி என்பதால் காத்திருப்பவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் இருக்கிறது. கல்லூரி விடுப்புக் கொடுக்கும் மாதத்தைப் பார்த்து முன்பே பதிவு செய்யுங்கள்.

சிசா (தகவல் அமைப்புத் தணிக்கையாளர்) போன்ற சான்றிதழ் உதவுமா?

தகவல் அமைப்புத் தணிக்கைத் தாள் எடுப்பவருக்கு உதவும். ஐசாகா என்ற பன்னாட்டு அமைப்பின் சிசா தேர்வு 150 கேள்வி, 4 மணி நேரம், ஆனால் சான்றிதழ் பெற 5 ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். சி.ஏ.க்களுக்கு அவர்கள் நிறுவனமே டிசா என்ற தகவல் அமைப்புத் தணிக்கைப் படிப்பை நடத்துகிறது. நெட் பாக்கி இருந்தால் முதலில் நெட்.

பாடத்திட்டம் பழையதாக இருந்தால் என்ன செய்வது?

இணைவு பெற்ற கல்லூரியில் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் வகுக்கும், அதை மாற்ற முடியாது. ஆனால் இன்டர்னல் மதிப்பெண்ணுக்கான பயிற்சி உங்கள் கையில் இருக்கிறது. பாடத்திட்டம் டேலி இ.ஆர்.பி. 9 என்று சொன்னாலும் பயிற்சியில் டேலிபிரைமும், இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதியும் மின்னணு பில்), எடிட் லாகும் வரலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வணிகர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். வேலைக்குப் போகும் மாணவர் முதல் வாரத்திலேயே அதைத் தொடுவார். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு கூடும் முன் துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்: எந்த அலகு, எத்தனை மணி நேரம், எதை நீக்கி எதைச் சேர்ப்பது, லேபில் என்ன மென்பொருள் வேண்டும். நீக்க வேண்டியதைச் சொல்லாமல் சேர்க்க மட்டும் கேட்கும் கோரிக்கை அந்தக் கூட்டத்தில் தேறாது.